கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு பறவை: மலை உயிர்களின் பழைய கதையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கச் சோலைகளில், இருட்டான தரையில் இலைச்சருகைக் கிளறி இரை தேடும் சின்ன நீலப் பறவை ஒன்று உண்டு. நீலச் சோலைக்கிளி. வயிற்றின் பக்கவாட்டில் செம்பழுப்பு நிறம் இருக்கும். கொடைக்கானல் சோலைகளிலும் அதே ஈரம், அதே இருட்டு, அதே நடையோடு ஒரு சோலைக்கிளி. ஆனால் அதற்குச் செம்பழுப்பு கிடையாது. மேலே நீலமும் சாம்பலும், அடிவயிறு வெள்ளை. சிரிப்பான் என்னும் சோலைப் பறவைகளிலும் இதே கதைதான்: நீலகிரிக்கு ஒன்று, பழனி மலைக்கு இன்னொன்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். இரண்டு மலையிலும் ஒரே மாதிரி காடு, ஒரே மாதிரி குளிர். அப்புறம் ஏன் இரண்டு இனம்?

நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது என்பது எல்லோரும் உடனே சொல்லும் பதில். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. தரைமட்டம் சுமார் 140 மீட்டர்தான். கோவையிலிருந்து பாலக்காடு போகிற ரயில் மலை ஏறாமலே கேரளத்துக்குள் நுழைவது அதனால்தான். இரண்டாயிரம் மீட்டரில் குளிரிலேயே வாழ்ந்து பழகிய ஒரு பறவைக்கு அந்த வெயில் சமவெளி கடல் மாதிரி.

சரி, ஆனால் இது பாதி பதில்தான். கணவாய் இன்று தடையாக இருக்கிறது என்பதிலிருந்து, கணவாய்தான் இவற்றைப் பிரித்தது என்று ஆகிவிடாது. ஓர் அணை கட்டி, நீர் தேங்கி, ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு கரையிலும் பிரிந்து நிற்பது ஒரு வகை. அணை வந்து வெகு காலம் கழித்து ஒரு குடும்பம் பரிசல் ஏறி அக்கரை போய்க் குடியேறுவது இன்னொரு வகை. இன்று பார்த்தால் இரண்டுமே ஒன்று போலத்தான் தெரியும்: இக்கரையிலும் சொந்தம், அக்கரையிலும் சொந்தம். எது நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அணை எப்போது வந்தது, சொந்தம் எப்போது பிரிந்தது என்ற இரண்டு தேதியும் வேண்டும். எந்த உயிர் எங்கே, ஏன் வாழ்கிறது என்று ஆராயும் உயிர்ப்புவியியலின் பெரும்பாடு இந்த இரண்டு தேதிகளைத் தேடுவதுதான். கிடைத்த தேதிகள் பொருந்தாதபோதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

தேதி தேடும் கருவிகள் இல்லாத காலத்தில் ஆய்வாளர்களிடம் இருந்தவை வரைபடமும் கண்ணும்தான். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா ஒரு மீன் ஆய்வாளர். வேகமான மலையோடையில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் மீன்கள் கிழக்கு இமயமலையிலும் இருக்கின்றன, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கின்றன. இடையில் இல்லை என்பதை அவர் கவனித்தார். பனியுகக் காலத்தில் விந்திய, சாத்பூரா மலைகள் இன்றைக்கு விட ஈரமாக இருந்தன, அவற்றின் வழியே இந்த மீன்கள் தெற்கே வந்தன, பின்னால் வழி காய்ந்துபோனது என்பது 1940களில் அவர் வளர்த்தெடுத்த கருத்து. 1949இல் சாலிம் அலி இதே பாதைக்குப் பறவைகளின் பரவலிலிருந்து ஆதரவு சேர்த்தார். இமயமலையிலும் தென்னக மலைகளிலும் காணப்பட்டு, இடையில் இல்லாத சிரிப்பான்கள் இந்தக் கருத்துக்கு அடிக்கடி காட்டப்பட்ட உதாரணம். வரையாடும் அப்படித்தான். இமயமலையில் ஒரு தார் ஆடு, இங்கே முக்குருத்தியில் ஒன்று, அரேபியாவில் ஓமன் பக்கம் ஒன்று என்று மூன்றையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பனியுகத்தில் பரவி, வெப்பம் கூடியதும் மலையுச்சிகளில் ஒதுங்கிய மிச்சங்கள் என்ற விளக்கம் கேட்கவே அழகாக இருந்தது.

2005இல் பாரிஸைச் சேர்ந்த ரோபிகே, ஹசானின் இருவரும் இந்த மூன்று ஆடுகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். மூன்றும் நெருங்கிய சொந்தமே இல்லை என்று தெரிந்தது. இமயமலைத் தார் வெள்ளாட்டு வம்சத்தோடு போகிறது. அரேபியத் தார் வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டோடு போகிறது. நம் வரையாடு செம்மறி வம்சத்தோடு நிற்கிறது. செங்குத்துப் பாறையில் வாழ்ந்ததால் மூன்றும் உருவத்தில் ஒன்று போல ஆகியிருக்கின்றன, அவ்வளவுதான். வரையாட்டுக்கு நீலகிரிப் பெயரிலேயே தனிப் பேரினம் கொடுக்கப்பட்டது. இமயமலைத் தாருக்கும் வரையாட்டுக்கும் நடுவில் 2,000 கிலோமீட்டர் பாலம் ஒன்றைக் கற்பனை செய்த கணக்கு அத்தோடு முடிந்தது. செம்மறி வம்சத்தின் ஒரு கிளை தென்கோடி மலைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அது வேறு கேள்வி. கருமந்திக்கும் இதே திருத்தம் நடந்தது. தென்கிழக்கு ஆசியக் காடுகளின் இலையுண்ணும் குரங்குகளோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மரபணு அதைச் சமவெளியில் திரியும் சாம்பல் மந்தியோடு சேர்த்தது. மலையடிவாரத்தில் இருக்கிற சொந்தத்தை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தேடியிருக்கிறோம்.

ஹோராவின் கருத்தை இதனால் குப்பையில் போட வேண்டியதில்லை. அது சோதிக்கக்கூடியதாக இருந்தது. அதுதான் அதன் பெருமை. ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு, நீலகிரியிலும் பழனி மலையிலும் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. இமயமலையின் ரோடோடென்ட்ரானும் இதுவும் ஒரே இனத்தின் துணையினங்கள் என்றுதான் பல தாவரவியலாளர்கள் வைக்கிறார்கள். இலங்கையின் உயர்மலையிலும் இதன் துணையினம் ஒன்று உண்டு. இவ்வளவு நெருக்கம் என்றால் பிரிவு புவியியல் கணக்கில் சமீபத்தியது என்று கொள்ளலாம். விதையோ காற்றில் பறக்கும் பொடி. பனியுகப் பாதை என்ற விளக்கம் வரையாட்டுக்குச் செல்லாமல் போனாலும் இந்த மரத்துக்குச் செல்லலாம்.

இனி சோலைக்கிளிக்குத் திரும்புவோம். பறவை ஆய்வாளர் வி. வி. ராபினும் அவரோடு சேர்ந்தவர்களும் சோலைகளில் மெல்லிய வலை கட்டி, சிக்கும் பறவையிலிருந்து துளி ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அந்தத் துளியிலிருந்து வம்ச மரம் வரைகிறார்கள். 2017இல் வந்த அவர்களின் முடிவு: நீலச் சோலைக்கிளிகளும் தென்னகச் சிரிப்பான்களும் இதுவரை அவற்றைச் சேர்த்திருந்த இமயமலைக் கூட்டங்களைச் சேர்ந்தவை அல்ல. இரண்டும் இந்த மலைகளிலேயே கிளைத்த தனிப் பேரினங்கள். சோலைக்கிளிகள் ஈப்பிடிப்பான்களின் குடும்பத்துக்குள் போய் நிற்கின்றன.

சோலைக்கிளி மரத்தில் மூன்று கிளை: நீலகிரிப் பக்கம் ஒன்று, பழனி-ஆனைமலை ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஒன்று. பின்னிரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம்; நீலகிரிக்காரன் முதலில் பிரிந்தவன். இந்த ஒரே மரத்தை வைத்து இரண்டு கதை சொல்லலாம். முதல் கதை: மூதாதை மூன்று மலைகளிலும் பரவியிருந்தது, பாலக்காட்டுக் கணவாயில் ஒரு முறை அறுந்தது, பிறகு செங்கோட்டையில் ஒரு முறை அறுந்தது. யாரும் எங்கும் போகவில்லை. இரண்டாம் கதை: மூதாதை நீலகிரியில் மட்டும் இருந்தது; சில பறவைகள் கணவாயைத் தாண்டி ஆனைமலைக்குப் போயின; அவற்றின் வாரிசுகள் சில இன்னும் தெற்கே போயின. மரம் இரண்டுக்கும் சம்மதிக்கிறது.

இங்கேதான் கணக்கு முறைகள் வருகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த ரோன்குவிஸ்ட் 1997இல் கொடுத்த முறையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு விலை உண்டு. தடையால் இரண்டாக அறுவதற்கு விலை பூஜ்யம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாண்டுவதற்கு ஒன்று. ஓரிடத்தில் அழிந்துபோவதற்கு ஒன்று. மொத்த விலை குறைந்த கதையே முடிவு. நம் இரண்டு கதைகளையும் இதில் போட்டுப் பாருங்கள்: முதல் கதைக்கு பூஜ்யம், இரண்டாவதற்கு இரண்டு. முதல் கதை வென்றுவிடும். ஆனால் வென்றது பறவையின் சாட்சியத்தால் அல்ல, நாம் வைத்த விலையால். 2008இல் ரீ, ஸ்மித் இருவரும் முன்வைத்த முறை இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. விலையை முன்கூட்டியே வைக்காமல், தாண்டும் வீதத்தையும் அழியும் வீதத்தையும் தரவிலிருந்தே மதிப்பிடுகிறது. கிளைகள் எவ்வளவு காலம் நீண்டவை என்பதையும் கணக்கில் எடுக்கிறது. எந்த மூதாதை எங்கே இருந்தது என்று வண்ண வட்டங்களால் காட்டும் வம்ச மரப் படங்களைக் கட்டுரைகளில் பார்க்கும்போது, அந்த வட்டங்களுக்கு அடியில் எந்த அனுமானம் ஓடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கேள்வி மறந்துபோகிறது.

தேதிக்கு வருவோம். டிஎன்ஏவில் மாற்றங்கள் ஏறத்தாழ ஒரு வேகத்தில் சேர்கின்றன என்று வைத்து, இரண்டு கிளைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காலமாக மாற்றலாம். வேகத்தைச் சரிபார்க்கப் புதைபடிவங்கள் வேண்டும். சோலைத் தரையின் ஈரமும் அமிலமும் ஒரு சிட்டின் எலும்பை விட்டுவைப்பதில்லை. அதனால் வேறு இடங்களின் பறவைகளில் கிடைத்த வேகத்தைக் கடன் வாங்குகிறார்கள். தேதிகளைச் சுற்றிப் பெரிய விளிம்பு இருப்பது அதனால்தான். அந்த விளிம்பையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்று தெளிவு: மலைப்பறவைகளின் இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் பிளைஸ்டோசீன் காலத்தவை, அதாவது சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. கணவாயோ பல கோடி ஆண்டு பழையது. அணை எப்போதோ வந்துவிட்டது. சொந்தம் பிரிந்தது நேற்று. அப்படியானால் கணவாய் இருந்தபோதே இந்தப் பறவைகளின் முன்னோர் அதன் இரு பக்கமும் எப்படியோ தொடர்பில் இருந்திருக்க வேண்டும். பிறகு தொடர்பு அறுந்திருக்க வேண்டும். திறந்து மூடும் கதவாக எது இருந்தது?

தட்பவெப்பம்தான் என்று சொல்வது சுலபம். அதற்குச் சாட்சி எங்கே என்றால், ஊட்டிக்கு அருகில் சாண்டிநல்லா போன்ற இடங்களின் சதுப்புகளில். மேடுகளுக்கு நடுவில் நீர் தேங்கும் பள்ளங்கள் அவை. செத்த புல்லும் இலையும் முழுதாக மக்காமல், காற்றுப் படாத நீரில் அடுக்கடுக்காகச் சேர்ந்து கறுப்பாக, பஞ்சு போல் கிடக்கும். பீட் மண் என்பது இதுதான். குழி தோண்டிப் பக்கச் சுவரைப் பார்த்தால் மேலே பழுப்பு, கீழே போகப் போகக் கறுப்பு, அடியில் களிமண். சுவரில் வரிசையாக, மேலிருந்து கீழாக, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டின் வயதையும் கார்பன்-14 வைத்துக் கணிப்பார்கள். அப்புறம் அதே துண்டில் கார்பன்-13 எவ்வளவு என்று அளப்பார்கள்.

கார்பன்-13 ஏன்? தாவரங்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பதில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. மரங்களும் குளிர், ஈரம் விரும்பும் செடிகளும் ஒரு வழி; வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் இன்னொரு வழி. முதல் வழித் தாவரத்தின் கார்பன் அளவீடு ஆயிரத்துக்கு மைனஸ் 27ஐ ஒட்டி இருக்கும், இரண்டாம் வழியில் மைனஸ் 13ஐ ஒட்டி. செடி செத்து மக்கினாலும் அந்த எண் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே பீட் மண்ணின் ஒரு துண்டு, அந்தக் காலத்தில் சுற்றி எந்த வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்று சொல்லிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் நீலகிரி பீட் மண்ணிலிருந்து 20,000 ஆண்டு வரலாற்றை இப்படிப் படித்தார்கள். சில ஆண்டுகளில் அது 40,000 ஆண்டு வரை நீண்டது. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சிப் புற்களின் கை ஓங்கியிருந்தது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது ஈரத் தாவரங்கள் மேலேறின. சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் வறட்சி.

இந்த முறைக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. முதல் வழித் தாவரம் என்றால் மரம் என்று அர்த்தமில்லை. சதுப்பில் வளரும் கோரைகள் பலவும் அதே கணக்கில் வரும். பனியுகத்தில் காற்றில் கரியமில வாயுவே குறைவு, பத்து லட்சத்தில் 190 பங்கு சுமார். அதுவும் வறட்சிப் புல்லுக்குச் சாதகம். ஆக அந்த எண் மழையை மட்டும் சொல்வதில்லை. இங்கே மகரந்தம் கைகொடுக்கிறது. மகரந்தத் துகளின் ஓடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சதுப்பில் அழியாமல் கிடக்கும். நுண்ணோக்கியில் எந்த மரம் என்று அடையாளம் காணலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்த ஆய்வுக்கூடம் இதில் பேர்போனது. தென்னக மலைகளின் தாவர வரலாற்றை ஆராய்ந்த க. தணிகைமணி அங்கேதான் வேலை செய்தார். மகரந்தத்தின் குறை என்னவென்றால், புற்களின் மகரந்தம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உருண்டை; எந்தப் புல் என்று சொல்ல முடியாது. கார்பன் எண் அதைச் சொல்லிவிடுகிறது. ஒன்றின் குருட்டுப் புள்ளியில் இன்னொன்றுக்குக் கண் இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த ஜோடிதான்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைத்தது. நீலகிரியின் புல்வெளிகள் மனிதன் காட்டை வெட்டி எரித்ததால் உண்டானவை என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். பீட் மண்ணோ, எருமை மந்தைகளும் கோடரியும் மலையேறியதற்கு வெகு காலம் முன்பே அங்கே புல் இருந்தது என்கிறது. சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் விட்டுக்கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கின்றன. சோலை விரிந்த காலத்தில் பறவைகளுக்குள் தொடர்பு, சுருங்கிய காலத்தில் பிரிவு. கதவு திறந்து மூடிய விதம் இதுவாக இருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்லக் காரணம் உண்டு: கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் வேலை செய்யாது, பறவைகளின் பிரிவுகளோ லட்சக் கணக்கில். பீட் மண் கடைசிச் சுற்றை மட்டும் காட்டுகிறது. அதற்கு முந்தைய சுற்றுகளும் இப்படித்தான் என்பது நியாயமான ஊகம், நேரடிச் சாட்சியம் அல்ல.

கதவு திறந்திருந்தால் எல்லோரும் தாண்டிவிடுவார்கள் என்றும் நினைக்கக் கூடாது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை இறங்கியது. ஆழமில்லாத பாக் நீரிணை தரையானது. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்படியும் பல தவளை, நண்டு வம்சங்களும், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளும் இலங்கையில் தனி, இங்கே தனி என்றுதான் கிளைத்திருக்கின்றன. பொசுயிட்டும் சக ஆய்வாளர்களும் 2004இல் இதைக் காட்டினார்கள். பாலம் இருந்தது, அதன் மேல் இருந்த வறண்ட காடு அவற்றுக்குப் பாதையாக இல்லை. வரைபடத்தில் தரையைப் பார்த்ததும் வழி என்று எழுதிவிடும் பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம்.

ஓர் உயிரை மட்டும் பார்த்தால் எந்தக் கதையும் சொல்லலாம் என்பதால், முழுக் கூட்டத்தையும் ஒன்றாகப் பார்ப்பது நல்லது. ராபின் குழு 2015இல் அதைச் செய்தது: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்பது இடங்கள், 23 மலைப்பறவை இனங்கள், 356 பறவைகள். 23இல் 10 இனங்களில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்தது. அவற்றில் சிலவற்றுக்குக் குறுகிய, ஆழம் குறைந்த கணவாய்களில் இளைய பிரிவுகளும் இருந்தன. ஆனால் பத்து இனங்களும் ஒரே காலத்தில் பிரியவில்லை. ஒரே அடியில் எல்லாம் அறுந்திருந்தால் தேதிகள் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லை. கதவு பல முறை திறந்து மூடியிருக்கிறது, ஒவ்வோர் இனமும் வேறு வேறு முறையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சம் 13 இனங்களைக் கணவாய் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு இந்த 13தான் பத்தை விட முக்கியம். தடை என்பது நிலத்தில் மட்டும் இல்லை, பறவையின் சுபாவத்திலும் பாதி இருக்கிறது என்பதை அவைதான் காட்டுகின்றன.

கணினி மாதிரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் உயிர் இன்று எங்கெல்லாம் இருக்கிறது, அங்கே மழை எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று கற்றுக்கொடுத்து, 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய தட்பவெப்பத்தில் அது எங்கே இருந்திருக்கும் என்று கேட்பது. இன்று இது எல்லோர் மடிக்கணினியிலும் ஓடுகிறது. அவலாஞ்சியில் கொட்டும் தென்மேற்கு மழை சில மைல் கிழக்கே போனால் காணாமல் போகும் மலையில், பெரிய கட்டங்களாக வெட்டிய மழை வரைபடத்தை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது ஆபத்து. அதை விட ஆபத்து, உயிர் இன்று இருக்கும் இடமே அதன் இயல்பான இடம் என்று எடுத்துக்கொள்வது.

ஏனென்றால் நம் மலைகளின் இன்றைய வரைபடத்தில் பாதி கடந்த இருநூறு ஆண்டுகளில் எழுதப்பட்டது. நீலகிரியில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், 1843இல் நட்டதாகப் பதிவு இருக்கிறது. வாட்டில் எனப்படும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததே. இந்தப் பதிவுகள் மட்டும் தொலைந்திருந்தால், ஆஸ்திரேலியாவிலும் ஊட்டியிலும் ஒரே மரங்கள் இருப்பதைப் பார்த்து, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றாக இருந்த பழைய கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்ததால் பிரிந்த சொந்தங்கள் என்று யாராவது எழுதியிருக்கலாம். டிஎன்ஏ காட்டிக்கொடுத்திருக்கும்: கோடி ஆண்டு பிரிவுக்கு வேண்டிய வேறுபாடு இந்த மரங்களில் இல்லை. அதனால்தான் பழைய தாவரச் சேகரிப்புகளுக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு காய்ந்த கிளை, ஓர் இடப்பெயர், ஒரு தேதி. பழனி மலையின் தாவரங்களைத் திரட்டிப் பதிவு செய்த அருட்தந்தை கே. எம். மேத்யூவின் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) இருக்கும் தாள் ஒவ்வொன்றும், அந்தச் செடி அந்த நாளில் அங்கே இருந்தது என்பதற்கு மறுக்க முடியாத அத்தாட்சி.

பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சீகை, கற்பூர மரம், பைன் தோட்டங்களும் விவசாயமும் அதன் இடத்தில் இருக்கின்றன. புல்வெளியை விட்டு வேறெங்கும் வாழத் தெரியாத நீலகிரி நெட்டைக்காலி ஒரு மேட்டில் இல்லை என்றால், அதற்குப் பனியுகக் காரணம் தேடுவதற்கு முன் அந்த மேட்டின் 1973 படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்றைய பரவலை அப்படியே மாதிரிக்குள் ஊட்டினால், நாற்பது ஆண்டு மரம் நடும் கொள்கை இருபதாயிரம் ஆண்டு வரலாறாக வெளியே வரும்.

சதுப்புகளுக்கு நிலைமை இன்னும் மோசம். புல்வெளியில் சீகையை வெட்டி எடுத்தால், பொறுமையாகப் பாடுபட்டால், புல்லை ஓரளவு திருப்பிக் கொண்டுவர முடிகிறது. பீட் மண் வேறு. நீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டு மக்கிவிடும். கேரட்டுக்கோ உருளைக்கிழங்குக்கோ ஒரு முறை உழுதால் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிடும். அதற்கப்புறம் அதிலிருந்து எடுக்கும் எந்த வயதும் செல்லாது. இருக்கிற சதுப்புகள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. ஊட்டியைச் சுற்றியும் பழனி மேல்மலையிலும் எங்கெல்லாம் உழாத, வடிக்காத சதுப்பு மிச்சமிருக்கிறதோ அவற்றைப் பட்டியல் எடுத்து வேலி போடும் வேலை, புதிய மென்பொருள் எதையும் விட இந்தத் துறைக்கு இன்று அவசரம்.